மேல்காற்றும் மலைத்தீயும்: நெல்லைச் சீமையின் வேனில் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களக்காட்டுக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மாசி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிற உறவினர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். காற்று எப்போது கிளம்பும், மலையில் ஏன் புகை தெரிகிறது, சாஸ்தா கோயிலுக்குப் பிள்ளைகளோடு போகலாமா, வாழை தாங்குமா? அந்தப் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வதில் 2019இல் தனி மாவட்டமான தென்காசியும் சேர்த்திதான்.

இந்த வேனிலில் காற்றும் வெயிலும் எப்படி இருக்கும்?

மூன்று கட்டமாகப் பார்க்க வேண்டும். மாசி நடுவிலிருந்து பங்குனி முடிய வானம் வெளுத்துக் கிடக்கும். தை வரை வடக்கிலிருந்து வீசிய வாடை ஓய்ந்திருக்கும். மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று இன்னும் வந்திருக்காது. இந்த இடைவெளியில் காற்றுக்கு நிலையான திசை கிடையாது. விடியலில் மலையிலிருந்து இறங்கும். வெயில் ஏறியதும் சரிவில் மேல்நோக்கி ஏறும். பிற்பகலில் கிழக்கே கடலிலிருந்து கொண்டல் வந்து அதைத் தள்ளும். காட்டுத்தீக்கு இதுதான் முதல் பருவம்.

சித்திரையிலும் வைகாசி முற்பாதியிலும் பாளையங்கோட்டையில் பகல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸை எட்டுவது வழக்கம். மே 4 முதல் 28 வரையான அக்னி நட்சத்திரம் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. சில பிற்பகல்களில் இடிமழை உண்டு. அந்த மழைக்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் அடிக்கிற சூறைக்காற்றுதான் வாழைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது.

வைகாசி கடைசியில், கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதை ஒட்டி (சராசரி நாள் ஜூன் 1), மேல்காற்று கிளம்பும். ஆவணி வரை விடாது. பழைய கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆனி, ஆடி என்றால் மழைக்காலத்தின் தொடக்கம் என்று நினைக்கிறவர்கள் அந்த மாதங்களில் நாங்குநேரி, இராதாபுரம் பக்கம் ஒருமுறை வந்து போகட்டும். முதுவேனில் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

குற்றாலத்தில் சாரல் பெய்கிற மாதத்தில் அடிவாரத்தில் எப்படித் தீப்பிடிக்கும்?

என்னிடம் அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. இதைப் புரிந்துகொண்டால் நெல்லைச் சீமையின் வானிலையில் பாதி புரிந்துவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கேரளப் பக்கத்திலிருந்து மலை ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகித் தன்னிடம் இருப்பதை அங்கேயே கொட்டிவிடுகிறது. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து போன்ற உச்சிப் பகுதிகளுக்கும் அதில் நல்ல பங்கு கிடைக்கிறது. முகட்டைத் தாண்டிய பிறகு அதே காற்று நம் பக்கம் இறங்குகிறது. இறங்குகிற காற்று அமுங்கிச் சூடேறும். மேகத்தோடு ஏறும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 6 டிகிரி குளிர்ந்த காற்று, ஈரத்தைக் கொட்டிவிட்டு இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 டிகிரி வரை சூடேறுகிறது. ஆகவே அது கிளம்பிய இடத்தில் இருந்ததைவிடச் சூடாகவும் வறட்சியாகவும் நம் ஊருக்கு வந்து சேர்கிறது.

செங்கோட்டைக் கணவாய் தாழ்வாக இருப்பதால் அந்த வழியே சாரல் உள்ளே நுழைந்து தென்காசியையும் குற்றாலத்தையும் நனைக்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே முப்பந்தல், பணகுடிப் பக்கம் வருவதில் பெரும்பகுதி வெறும் காற்று. குறுகிய வாய்க்காலில் தண்ணீர் வேகமெடுப்பது போல, கணவாய்க்குள் நுழைந்த காற்றும் வேகமெடுக்கிறது. அங்கே காற்றாலைகள் காடு போல நிற்பதற்குக் காரணம் அதுதான். இரண்டு கணவாய்க்கும் நடுவில், உயர்ந்த மலைச்சுவருக்குக் கீழே, களக்காடும் திருக்குறுங்குடியும் இருக்கின்றன.

ஆனி மாத நண்பகலில் எங்கள் வீட்டு மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை முகடு முழுக்கக் கருமேகம் மூடியிருக்கும். இதோ வந்துவிடும் என்று தோன்றும். காலடியில் தரை வெடித்திருக்கும், துவைத்துப் போட்ட வேட்டி அரை மணியில் காய்ந்துவிடும். அந்த மேகத்தை நம்பித்தான் பலர் கவனக்குறைவாக நெருப்பு வைக்கிறார்கள். அடிவாரப் புதர்க்காட்டுக்கு அந்த மேகத்திலிருந்து ஒரு சொட்டும் வராத நாள்களே அதிகம். நம் சீமைக்கு முக்கியமான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிற வடகிழக்குப் பருவமழைதான். அதுவரை அடிவாரம் காய்ந்துகொண்டேதான் இருக்கும்.

பொதிகைத் தென்றல் என்கிறார்களே, அதுவும் மேல்காற்றும் ஒன்றா?

இல்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. கோடைக்காற்றைத்தான் நம் ஊரில் மேல்காற்று என்கிறோம். தென்றல் மெல்லியது, மாலையில் வாசலில் உட்கார்ந்து வாங்குகிற காற்று. மேல்காற்று நெல் தூற்றுவதற்கு நல்லது, கூரைக்கும் தீக்கும் கெட்டது. ஒரு காற்றின் பெயரைச் சொன்னாலே அது எங்கிருந்து வருகிறது, என்ன கொண்டுவருகிறது என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடுகிற மொழி நம்முடையது. பிள்ளைகளுக்கு இந்த நான்கு சொற்களையும் சொல்லிக் கொடுங்கள்.

வானிலை அறிக்கையில் வரும் 'பலத்த தரைக்காற்று', 'இடையிடையே', 'ஓரிரு இடங்களில்' ஆகியவற்றுக்கு என்ன பொருள்?

தரைக்காற்று என்பது தரையை ஒட்டி வீசும் காற்று, பத்து மீட்டர் உயரத்தில் அளப்பது. 'மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த தரைக்காற்று' என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சொன்னால் அது திறந்த வெளிக்கான கணக்கு. கணவாய் வாயிலும் மலைச்சரிவிலும் இதைவிடக் கூடும்.

'இடையிடையே 60 கிலோமீட்டர்' என்பதைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. சில நொடிகள் மட்டும் ஓங்கி அடித்துவிட்டுத் தணியும். மரம் முறிவதும் மின்கம்பிகள் உரசிக்கொள்வதும் தீத்தடுப்புக் கோட்டைத் தீ தாண்டுவதும் அந்தச் சில நொடிகளில்தான் நடக்கின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே 30க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் தெரிவதைவிடப் பெரியது.

'ஓரிரு இடங்களில் மழை' என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாத இடங்களில் மழை என்று பொருள். 'ஒருசில இடங்களில்' என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை. சித்திரையில் 'ஓரிரு இடங்களில் இடியுடன் மழை' என்று கேட்டுவிட்டு மலை நனைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அம்பாசமுத்திரத்தில் கொட்டித் தீர்த்த மழை, சேரன்மகாதேவியில் தூசியை மட்டும் கிளப்பிவிட்டுப் போன நாள்கள் உண்டு.

கருவி இல்லாமல் காற்றின் வேகத்தை அறிய முடியுமா?

முடியும். தெருவில் புழுதியும் காகிதமும் எழுந்தால் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இலை விட்ட சிறு மரங்கள் ஆட ஆரம்பித்தால் 30. பெரிய கிளைகள் அசைந்து, மின்கம்பி ஊளையிட்டு, குடை பிடிக்க முடியாமல் போனால் 40க்கு மேல். முழு மரமே ஆடி, எதிர்த்து நடக்கச் சிரமப்பட்டால் 50ஐத் தாண்டிவிட்டது. புழுதி எழுந்த நிலையிலேயே வெட்டவெளியில் நெருப்பு வைக்கிற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

காற்றோடு சருகையும் பாருங்கள். ஒரு கை சருகை எடுத்து உள்ளங்கையில் கசக்கினால் அப்பளம் போல நொறுங்கிப் பொடியானால், அன்று ஒரு பீடித் துண்டு போதும்.

போன ஆண்டு நல்ல மழை. அப்படியானால் தீ ஆபத்து குறைவுதானே?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். மரங்களுக்கு அது உண்மை. ஈரம் இருக்கிற மரம் எளிதில் பற்றாது. புல்லுக்கு அது பொருந்தாது. கார்த்திகையிலும் மார்கழியிலும் நன்றாகப் பெய்தால் சரிவுகளில் புல் இடுப்பளவு வளரும். மாசியில் அது முழுவதும் காய்ந்து நிற்கும். மழை தந்த அந்தப் புல்தான் பங்குனித் தீக்கு விறகாகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். பக்கத்து மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அவ்வளவு பெரிய வெள்ளமானாலும் அது தருகிற ஈரம் புல்வெளியில் மூன்று மாதம் நிற்காது. காடு காய்வதற்குத் தேவையானது மழையில்லாத சில வாரங்களும் ஈரமில்லாத காற்றும்தான்.

மூங்கில் உரசித்தானே காட்டில் தீப்பிடிக்கிறது?

சின்ன வயதிலிருந்து நானும் கேட்ட கதை. நம் மலைகளில் எரிகிற தீயில் ஏறத்தாழ எல்லாமே மனிதக் கையிலிருந்து வருவது. அணைக்காமல் எறிந்த பீடி, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், சமைத்துவிட்டு மண் போடாமல் விட்ட அடுப்பு, மாட்டுக்குப் புது புல் வேண்டி வைத்த தீ, வேட்டைக்காரர்கள் வைக்கிற தீ, காட்டோரத் தோட்டத்தில் வேலி முள்ளைக் கொளுத்தும்போது காற்று தூக்கிக்கொண்டு போன பொறி. மின்னலால் பிடிப்பது நம் பக்கம் அரிது. மின்னல் வரும்போது பெரும்பாலும் மழையும் கூடவே வந்துவிடுகிறது.

இதில் எனக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. மூங்கில் வைக்கிற தீ என்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மனிதர் வைக்கிற தீயை மனிதரால் வைக்காமல் இருக்க முடியும்.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். பொங்கல் வைக்கலாமா?

தாராளமாகப் போங்கள். வெளியூரில் எவ்வளவு காலம் இருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா முன்னால் போய் நிற்பது நெல்லைக்காரர்களின் பிறப்புரிமை. பல சாஸ்தா கோயில்கள் அடிவாரத்திலோ ஓடைக் கரையிலோ இருக்கின்றன. உத்திரம் வருவதும் காடு மிகவும் காய்ந்திருக்கிற பங்குனியில். அதனால் சில ஒழுங்குகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

காப்புக்காட்டுக்குள் இருக்கிற கோயில் என்றால் வனத்துறை குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் அடுப்பு வையுங்கள். அடுப்பைச் சுற்றி இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) அகலத்துக்குச் சருகைப் பெருக்கித் தள்ளுங்கள். பொங்கலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் அணைப்பதற்கும் தனியாக ஒரு குடம் கொண்டுபோங்கள். கிளம்பும்போது கங்கின் மேல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணை மட்டும் தள்ளி மூடுகிற வழக்கம் ஆபத்தானது. மண்ணுக்கு அடியில் வேர் வழியாகக் கங்கு இரவெல்லாம் உயிரோடு இருக்கும், மறுநாள் காற்றில் எழுந்துகொள்ளும். கற்பூரத்தைக் கல் மேலோ தட்டிலோ மட்டும் ஏற்றுங்கள், மரத்தடியில் வேண்டாம்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இதே சொல்தான். ஆறு பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காக மேல்காற்று பொறியைத் தூக்காமல் விடாது.

புல் முளைக்கத் தீ வைப்பது பாட்டன் காலத்து வழக்கம். அதில் என்ன தவறு?

ஆடு மாடு வளர்க்கிறவர்களை இதில் ஏளனமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. அவர்கள் சொல்வது பொய்யல்ல. எரிந்த சரிவில் ஒரு மழை விழுந்ததும் பச்சை ஓடிவிடும், இளம்புல்லை மாடு விரும்பித் தின்னும். ஆனால் ஆண்டுதோறும் ஒரே சரிவு எரிந்தால் என்ன ஆகிறது என்றும் அதே பெரியவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். மரக்கன்றுகள் ஒன்றும் தேறுவதில்லை. தீயைத் தாங்குகிற முரட்டுப் புல்லும் எலுமிச்சைப் புல்லும் மட்டும் மிஞ்சுகின்றன. முற்றிய பிறகு அவற்றை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. மேல்மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லாததால் அடுத்த மழையில் மண் ஓடைக்கு வந்துவிடுகிறது.

களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். அதன் மையப்பகுதி இப்போது 895 சதுர கிலோமீட்டர். அடியில் முள்காடு, அதற்கு மேல் இலையுதிர் காடு, அதற்கு மேல் மழைக்காடு, முகட்டில் புல்வெளியும் சோலையும். தீ பெரும்பாலும் கீழ் இரண்டையும் முகட்டுப் புல்வெளியையும்தான் தின்கிறது. ஈரமான சோலைக்குள் அது எளிதில் நுழையாது, ஓரத்தைக் கருக்கும். ஓரம் கருகிய இடத்தில் புல் வரும், அடுத்த ஆண்டு அந்தப் புல் எரிந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். தாமிரபரணியும் மணிமுத்தாறும் பச்சையாறும் நம்பியாறும் அந்த மலைகளிலிருந்துதான் வருகின்றன. சோலை குறைந்தால் கோடையில் ஓடை எவ்வளவு நாள் ஓடும் என்ற கேள்வி எல்லோருடைய கிணற்றையும் தொடுகிறது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 30ஆம் பிரிவு சரணாலயத்தில் தீ வைப்பதையும், ஆபத்து வரும்படி எரிகிற தீயை விட்டுப் போவதையும் தடை செய்கிறது. சிறைக்குப் போக நேரிடக்கூடிய குற்றம் இது.

மலையில் இருக்கும்போது தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

மேலே ஓடாதீர்கள். இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் நடந்து போகிற தீ சரிவில் ஓடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு. கீழே எரிகிற சுடர் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுகிறது. மனிதனால் அந்த வேகத்தில் ஏற முடியாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, மாறிய காற்று, மூன்றும் சேர்ந்த மாசி மாதப் பிற்பகல் அது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகளையும் சுற்றுலா இடங்களையும் வனத்துறை மூடுவது அதனால்தான். மூடியிருக்கிறது என்றால் திரும்பி வந்துவிடுங்கள், காவலரிடம் வாதாடாதீர்கள்.

தீயில் சிக்கினால் சரிவின் குறுக்காக, தீயின் பக்கவாட்டுக்கு நகர்ந்து கீழே இறங்கப் பாருங்கள். பாறை வெளி, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து முடிந்த கருநிலம் இவையே அடைக்கலம். எரிந்த இடம் மறுபடி எரியாது. ஆனால் குறுகிய பள்ளத்துக்குள் மேல்நோக்கி ஏறக் கூடாது. பள்ளம் புகைபோக்கி போல வேலை செய்யும். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும், ஆகவே காட்டுக்குப் பருத்தி உடுத்திப் போங்கள்.

புகையைப் பார்த்தால் யாரிடம் சொல்வது? செயற்கைக்கோள் பார்க்கிறதாமே?

பார்க்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தீ எரியும் புள்ளிகளைக் கண்டு, பதிவு செய்தவர்களின் கைபேசிக்கும் வனத்துறைக்கும் செய்தி அனுப்புகிறது. பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அந்தக் கருவிகளில் கூர்மையானதே 375 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கிறது, ஒரு நாளில் சில முறைதான் நம் தலைக்கு மேல் கடந்து போகிறது. காலை பத்து மணிக்குக் கிளம்பிய தீயை அது பகல் ஒன்றரைக்குப் பார்க்கலாம். மாடியில் துணி காயப்போடுகிற பெண் பத்தே காலுக்குப் பார்த்துவிடுவாள்.

ஆகவே உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணை மாசியிலேயே வாங்கிச் சுவரில் எழுதி வையுங்கள். அது கிடைக்காவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. 'மலையில் புகை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கோயிலுக்கு மேலே, எந்த ஓடைக்கு வடக்கே, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லுங்கள். வெள்ளைப் புகை என்றால் ஈரமான பொருள் எரிகிறது, கறுத்துத் திரண்டு எழுந்தால் தீ வலுத்துவிட்டது, அதையும் சொல்லுங்கள்.

அவ்வளவு பெரிய மலையில் தீயை எப்படி அணைக்கிறார்கள்?

பெரும்பாலும் கையால். வண்டி போகாத இடம், தண்ணீர் இல்லாத இடம். 2024 மார்ச்சில் நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றியது. அது அரிதாக நடப்பது. நம் மலையில் தீத்தடுப்புக் காவலர்களும் வனக் காவலர்களும் அரிவாள், மண்வெட்டி, பச்சைக் கொப்பு இவற்றோடு ஏறுகிறார்கள். கோடைக்கு முன்பே சருகையும் புல்லையும் செதுக்கித் தரையை வெறுமையாக்கி வைக்கிற பட்டைதான் தீத்தடுப்புக் கோடு. தீ அதுவரை வந்து பசியால் சாக வேண்டும். காற்று சாதகமாக இருந்தால் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்து, வருகிற தீக்கு முன்னால் இருப்பதைத் தீர்த்துவிடுவார்கள். பழகாதவர் செய்யவே கூடாத வேலை அது.

ஒரு பங்குனியில் எங்கள் ஊரிலிருந்து சிலர் குடிநீர் சுமந்துகொண்டு அவர்கள் பின்னால் ஏறினோம். நான் நினைத்திருந்தது பெரிய சுடர்களை. பார்த்தது முழங்கால் உயரத் தீவரிசை. நொறுக்குத்தீனி தின்கிற சத்தத்தோடு புல்லை மென்றுகொண்டு வந்தது. பச்சைக் கொப்பால் ஓங்கி அடிக்கக் கூடாது, அடித்தால் பொறி சிதறும். மேலே வைத்து அமுக்கித் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்று ஒரு காவலர் காட்டிக் கொடுத்தார். பத்துத் தடவை இழுப்பதற்குள் கையில் இருந்த கொப்பின் இலைகள் சுருண்டு பழுப்பாயின, புதிதாக வெட்டிக் கொடுத்தார். நாலு மணி வாக்கில் அவர் திடீரென்று வேலையை நிறுத்திக் கொஞ்சம் சாம்பலை விரலால் எடுத்து உதிர்த்தார். அதுவரை கிழக்கே போன சாம்பல் எங்கள் முகத்துக்கு வந்தது. கடற்காற்று வந்து சேர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் எங்களை எல்லாம் எரிந்து முடிந்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் நாங்கள் நின்றிருந்த இடம் எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாடியில் காயப்போட்டிருந்த கூழ்வடகத்தின் மேலெல்லாம் புல்லின் சாம்பல் கிடந்தது. விரல் நீளம், புல்லின் நரம்பு கூட அப்படியே தெரிந்தது. தொட்டதும் இல்லாமல் போனது.

அந்தக் காவலர்கள் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்கள். அவர்களுக்கு நல்ல காலணியும் நல்ல கூலியும் ஆண்டு முழுவதற்குமான காப்பீடும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வயலில் அறுவடை முடிந்த தாளைக் கொளுத்தலாமா? வைக்கோல் படப்பை எப்படிக் காப்பது?

பிசானம் என்கிற நெல் பருவத்தின் அறுவடை முடிகிற மாசி, பங்குனியில்தான் வைக்கோல் வந்து குவிகிறது. தாளைக் கொளுத்த வேண்டாம். மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம், கட்டி வைத்தால் மாட்டுக்குத் தீனி. படப்பை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் தள்ளிப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே படப்பாகப் போடாமல் இரண்டாக இடைவெளி விட்டுப் போட்டால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். மேல்காற்றுக் காலத்தில் தீக்கு மேற்கே இருக்கிற படப்பு தப்பும், கிழக்கே இருப்பது தப்பாது.

கழிக்காத காவோலைகளோடு (காய்ந்த ஓலைகளோடு) நிற்கிற பனையைக் கவனியுங்கள். அடியில் பற்றினால் ஓலை வழியாக உச்சிக்கு ஏறி, அங்கிருந்து பொறியை ஒரு பர்லாங்கு தூரம் அனுப்பும். உடைமரக் காட்டில் கரிமூட்டம் போடுகிறவர்கள் மேல்காற்று தணிகிற வரை பொறுக்க வேண்டும். குப்பையைக் கொளுத்துவதும் அப்படியே. ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டால் அதன் புகை நகரத்தை என்ன பாடு படுத்துகிறது என்பது நெல்லையில் எல்லோருக்கும் தெரியும்.

சூறைக்காற்றுக்கு வாழை தாங்குமா?

குலை தள்ளிய வாழை தலை கனத்து நிற்கிறது, வேர் ஆழமில்லை. சித்திரை இடிமழைக்கு முன்னால் வரும் காற்று ஒரு தோட்டத்தையே படுக்க வைத்துவிடும். முட்டுக் கொடுப்பதைக் குலை தள்ளிய பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள். சவுக்குக் கம்பைக் குலை சாய்கிற பக்கம் ஊன்றி, கழுத்தில் இறுக்காமல் அகலப் பட்டையால் கட்டுங்கள். மேற்கு ஓரத்தில் அகத்தியோ சவுக்கோ வேலியாக நின்றால் காற்றின் முதல் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். இடி கேட்கிற பிற்பகலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். மண் இளகினால் மரம் வேரோடு சாயும். சேதமானால் அப்புறப்படுத்துவதற்கு முன்பே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிடமும் தெரிவியுங்கள்.

மின்கம்பிகள் உரசிப் பொறி விழுகிறது. என்ன செய்வது?

தொங்குகிற கம்பியையும் அதில் படுகிற கிளையையும் பங்குனிக்கு முன்பே மின்வாரியத்திடம் சொல்லுங்கள். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அறுந்து விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள், ஆடு மாட்டையும் விடாதீர்கள். மின்மாற்றிக்கு அடியில் இருக்கிற காய்ந்த புல்லை ஊரார் செதுக்கிப் போடுவது அரை நாள் வேலை.

கடற்கரை ஊர்களுக்கு?

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை மக்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிகிற நேரத்தில்தான் மன்னார் வளைகுடாவில் மேல்காற்று உச்சத்துக்குப் போகிறது. தடை முடிந்த முதல் நாளே கடலுக்குப் போகிற அவசரத்தில் எச்சரிக்கையைப் புறந்தள்ள வேண்டாம்.

புகை நாள்களில் குழந்தைகளையும் பெரியவர்களையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

புகை தரையோடு படிந்து நிற்பது விடியலில்தான். அந்த நேரத்து நடையை நிறுத்துங்கள், மேற்கு ஜன்னலைச் சாத்துங்கள். ஈரத்துணி சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. அதற்கு என்-95 முகக்கவசம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கட்டும். மூச்சு வாங்கினால் 108.

தீக்காலம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஒரு கோடை மழையை வைத்து முடிவு செய்யக் கூடாது. மெல்லிய புல் இரண்டு நாள் வெயிலில் மறுபடி காய்ந்துவிடும். ஆவணியில் மேல்காற்று தளர்ந்து, புரட்டாசியில் கிழக்கே இடி முழங்க ஆரம்பித்து, ஐப்பசியில் கொண்டல் மழை இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்ய வேண்டும். அப்போது அடிவாரத்தில் ஒரு கை சருகை எடுத்துக் கசக்கிப் பாருங்கள். நொறுங்காமல் துணி போல மடங்கி, உள்ளங்கையில் ஈரம் ஒட்டும்.